மீன் கடிக்கவில்லை என்றால் குற்றம் மீனுடையதா?



தமிழ்ப்பள்ளியைப் பற்றியும் மாணவர்களைப் பற்றியுமே எழுதிவரும் நான் இம்முறை மீன்பிடித்தலைப் பற்றி எழுதப் போகிறேன். அதுவும் நம் நாட்டு மீனைப் பற்றியன்று. குளிர்நாட்டு டிரவுட் மீனைப் பற்றி. 'பணி ஓய்வு பெற்றபின் இவருக்கு வேறு வேலை இல்லை போலும்' என்று எண்ணிவிடாதீர்கள். நான் இறுதியில் வந்து சேரப்போகும் இடம் வகுப்பறைதான்.

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். பால்மரக் காட்டின் ஓரத்தில் ஓடிய கானில் மூங்கில் கழி, நைலான் நரம்பு, தக்கை, மண்புழு ஆகியவற்றைக் கொண்டு கெளுத்தியும் விராலும் பிடித்தவன். ஆகவே மீன்பிடிக்கும் கலை எனக்குத் தெரியும் என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை 2019ஆம் ஆண்டு உடைந்தது.

அவ்வாண்டு பிப்ரவரி இறுதியில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்டேட் காலேஜ் என்னும் ஊரில் வாழும் என் மகளின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். நானும் ஆசிரியன் என்று அறிந்ததும் நெருங்கிப் பழகலானார். ஒருநாள் காலை, "ஓடைக்குப் போகிறேன், வருகிறீர்களா?" என்று அழைத்தார். நிழல் விழும் கரைகளில் பனி இன்னும் உருகாமல் கிடந்தது. "இந்தக் குளிரில் யாராவது மீன் பிடிப்பார்களா?" என்று கேட்டேன். "இந்தக் குளிரில்தான் கற்றுக்கொள்ள முடியும்" என்றார் அவர்.

அந்த மறுமொழி எனக்குப் பிடித்திருந்தது. சென்றேன்.

ஈத்தூண்டில்

அவர் பயன்படுத்தியதை ஆங்கிலத்தில் ஃப்ளை ஃபிஷிங் என்பர். இக்கட்டுரையில் நான் அதனை ஈத்தூண்டில் என்று எழுதுகிறேன்.

நாம் அறிந்த தூண்டிலில் முள்ளில் இரை இருக்கும். நரம்பில் ஈயக்குண்டு இருக்கும். வீசும்போது அக்குண்டின் எடையே நரம்பை இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலின் அமைப்பு வேறு. ஒரு சிறு முள்ளின்மேல் இறகு, முயல் முடி, நூல் முதலியவற்றைச் சுற்றி ஒரு பூச்சியின் உருவத்தைச் செய்துவிடுகிறார்கள். சில பொய்ப்பூச்சிகள் அரிசிமணியைவிடச் சிறியவை. அவற்றிற்கு எடை இல்லை என்றே சொல்லலாம். ஆகவே இங்கே தடித்த கயிற்றின் எடைதான் வேலை செய்கிறது. கோலை முன்னும் பின்னும் அசைக்க, கயிறு காற்றில் விரிந்து செல்கிறது. அதன் நுனியில் கட்டிய மெல்லிய நரம்பும் பொய்ப்பூச்சியும் பின்தொடர்ந்து சென்று நீரில் விழுகின்றன.

இஃது இன்று நேற்று தோன்றிய கலையன்று. 1496ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அச்சான ஒரு நூலிலேயே பன்னிரண்டு பொய்ப்பூச்சிகள், எந்த மாதத்திற்கு எது என்ற குறிப்புடன் விவரிக்கப்பட்டுள்ளன. பருவமறிந்து கொடுக்கவேண்டும் என்பது ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கும் தெரியாததன்று. திருக்குறளில் காலமறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறள் கொக்கையே உவமையாகக் காட்டுகிறது. ஆண்டுதோறும் அக்குறளை மாணவர்களுக்குக் கற்பித்தவன் நான். கற்பித்தேனே தவிர, கற்றேனா என்பது வேறு கேள்வி.

இன்னொரு செய்தி ஆசிரியர்களாகிய உங்களுக்குச் சுவையாக இருக்கும். அந்த ஊரில் உள்ள பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஈத்தூண்டில் ஒரு பாடம்! ஜார்ஜ் ஹார்வி என்பவர் 1947ஆம் ஆண்டு அதனைப் பட்டப்படிப்பில் மதிப்புப்புள்ளி பெறும் பாடமாக்கினார். அவருக்குப்பின் ஜோ ஹம்ஃப்ரீஸ் அதனைத் தொடர்ந்து கற்பித்தார். மீன்பிடிப்பதைப் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பதா என்று முதலில் நான் நகைத்தேன். ஓடையில் இரண்டு மணி நேரம் நின்றபின் நகைப்பு அடங்கிவிட்டது.

முதலில் தூண்டிலை எடுக்கவில்லை

நாங்கள் சென்ற ஓடையின் பெயர் ஸ்பிரிங் கிரீக். சுண்ணாம்புப் பாறைகளுக்கு அடியிலிருந்து ஊறிவரும் நீரால் அது வளம்பெறுகிறது. ஊற்றுநீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வெளிவருவதால் மற்ற ஓடைகள் உறையும்போதும் இது உறையாமல் ஓடுகிறது. பழுப்பு டிரவுட் எனப்படும் மீன் அங்கே இயற்கையாகப் பெருகி வாழ்கிறது. அதன் பூர்வீகம் ஐரோப்பா. 1880களில் முட்டைகளாகக் கப்பலேறி அமெரிக்கா வந்த இனம் அது. கப்பலேறி வந்தவர்களின் வழித்தோன்றலாகிய எனக்கு இச்செய்தி ஏனோ மனத்தில் ஒட்டிக்கொண்டது.

கரைக்குச் சென்றதும் தூண்டிலை எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எடுத்தது வெப்பமானி. நீரில் அமிழ்த்திப் பார்த்தார். 5 பாகை காட்டியது. "அவசரம் இல்லை. பதினொரு மணிக்குமேல் வெயில் நீரைச் சற்றுச் சூடாக்கும். அப்போது பார்ப்போம்" என்றார்.

பிறகு முழங்கால் நீரில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டினார். அதன் அடிப்பக்கத்தை என்னிடம் காட்டினார். வெறும் கல் என்று நான் நினைத்ததில் எத்தனை உயிர்கள்! கூனியை ஒத்த சிற்றுயிர்கள் நெளிந்தன. மேஃப்ளை எனப்படும் பூச்சியின் இளம்பருவங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நம் ஈசலைப் போலவே சிறகு முளைத்தபின் சொற்பக் காலமே வாழும் பூச்சி அது. ஆனால் சிறகு முளைக்குமுன் மாதக்கணக்காக நீருக்குள் கல்லைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது. குளிர்காலத்தில் டிரவுட் மீனுக்கு உணவு நீரின் மேலே இல்லை; அடியில்தான் இருக்கிறது. கல்லைப் புரட்டிப் பார்த்தவனுக்கே அந்த மீன் எதை உண்கிறது என்பது தெரியும்.

கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே திரும்ப வைத்தார்.

மந்தம் என்ற சொல்

சுற்றுலாப் பயணிகளுக்கான உரிமம் வாங்கிக்கொண்டு மறுநாள் நானும் வீசினேன். முதல் ஒரு மணி நேரம் கயிறு என் தொப்பியிலும் பின்னால் இருந்த மரத்திலும் சிக்கியது. அதன்பின் ஓரளவு நீரில் விழுந்தது. ஆனால் ஒரு மீனும் தொடவில்லை. இரண்டு மணி நேரத்திற்குப்பின் சலிப்போடு சொன்னேன்: "இங்கே மீன் இல்லை. இருந்தாலும் குளிரில் மந்தமாகிவிட்டது. எதைப் போட்டாலும் எடுக்காது."

அவர் மறுத்துப் பேசவில்லை. தம் கருப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நீரின் மேற்பரப்பில் பளிச்சிடும் ஒளியைத் தடுக்கும் கண்ணாடி அது. அணிந்துகொண்டு பார்த்தேன். நான் நின்ற இடத்திலிருந்து பத்தடி தொலைவில் ஐந்து மீன்கள் தரையை ஒட்டி அசையாமல் நின்றன. சற்று நேரம் உற்றுப் பார்த்தபோது ஒரு மீன் தலையை ஒரு விரற்கடை அளவு திருப்பியது. வாயின் வெள்ளை ஒரு கணம் தெரிந்து மறைந்தது.

"அது உண்கிறது. நீங்கள் கொடுப்பதைத்தான் உண்ணவில்லை" என்றார் நண்பர்.

பிறகு விளக்கினார். டிரவுட் குளிர்குருதி விலங்கு. நீர் குளிரும்போது அதன் உடலியக்கம் குறைகிறது, செரிமானம் மெதுவாகிறது. எனவே கோடையில் ஓடிப் பிடிப்பதைப்போல இப்போது ஓடாது. ஓடினால் கிடைக்கும் உணவைவிடச் செலவாகும் ஆற்றல் மிகுதி. அது சோம்பல் அன்று, கணக்கு! வாய்க்கு நேராக, மெதுவாக, தன் உணவின் வடிவத்தில் வருவதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

என் பொய்ப்பூச்சி ஏன் எடுபடவில்லை? அதற்கும் காரணம் இருந்தது. ஓடையின் மேற்பரப்பில் நீர் விரைவாக ஓடுகிறது. தரையை ஒட்டிய நீர், கற்களில் உரசிச் செல்வதால், மெதுவாக ஓடுகிறது. என் கயிறு மேல்நீரில் மிதந்து, அடியில் இருந்த பொய்ப்பூச்சியைத் தன் வேகத்திற்கு இழுத்துக்கொண்டு போயிற்று. மீனின் கண்ணுக்கு அஃது உணவாகத் தெரியாது. எந்தப் பூச்சியும் அவ்வாறு பாய்ந்து செல்வதில்லை. ஆகவே வீசியவுடன் கயிற்றைத் தூக்கி மேல்நோக்கிப் போட்டு, தளர்வு கொடுத்து, அடிநீரின் வேகத்திலேயே பூச்சியைப் போகவிட வேண்டும். ஜார்ஜ் ஹார்வி நுனி நரம்பைத் தளர்ந்து விழும்படி முடிந்து கட்டும் முறையை வகுத்ததும் இந்த இழுப்பைத் தவிர்ப்பதற்காகத்தான்.

மேல்நீரின் வேகம் வேறு. அடிநீரின் வேகம் வேறு. அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நான் புரட்டாத கல்

நிற்க. இனி என் கதையைச் சொல்லவேண்டும்.

2003ஆம் ஆண்டு எனக்கு மூன்றாம் ஆண்டு வகுப்பு. முப்பத்தைந்து மாணவர்கள். அவர்களில் ஒரு பையன் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பான். எழுத்துகளை அறியான். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். வீட்டுப்பாடம் செய்யமாட்டான். நான் கத்தவில்லை, அடிக்கவில்லை. அந்த அளவில் நல்ல ஆசிரியன்தான். ஆனால் என் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேராக எழுதினேன்: 'மந்தம். முயற்சி இல்லை.' குறைநீக்கல் வகுப்பிற்கு அனுப்பினேன். என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

பல ஆண்டுகள் சென்று ஒரு திருமண வீட்டில் அவனுடைய தாயாரைச் சந்தித்தேன். மகன் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்வதாகச் சொன்னார். பேச்சுவாக்கில், "சின்னதுல ரோட்டுல போற லாரியில எழுதியிருக்கிற பேரையெல்லாம் எழுத்துக் கூட்டிச் சொல்லுவான் சார். நம்பர் பிளேட்டெல்லாம் மனப்பாடம். நீங்க கேட்டதில்லையா?" என்றார்.

இல்லை. நான் கேட்டதில்லை.

அந்த அம்மையார் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. அந்தப் பையன் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். நான் கொடுத்ததைத்தான் படிக்கவில்லை. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என 247 எழுத்துகளையும் பாடத்திட்டத்தின் வேகத்தில் நான் இழுத்துக்கொண்டு போனேன். அவனோ அடிநீரில் நின்றிருந்தான். லாரியின் பெயரைத் தமிழில் எழுதிக்காட்டி, "இது என்ன சொல், சொல்லப்பா" என்று ஒரே ஒருநாள் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தெரியாது. கேட்காமல் விட்டேன் என்பது மட்டும் தெரியும்.

மீன் விடுவதை நிறுத்திய ஓடை

ஸ்பிரிங் கிரீக்கின் வரலாற்றிலும் நமக்கு ஒரு செய்தி உண்டு.

பென்சில்வேனியாவில் பல ஓடைகளுக்கு ஆண்டுதோறும் பண்ணையில் வளர்த்த டிரவுட் மீன்களைக் கொண்டுவந்து விடுகிறார்கள். மாநிலம் முழுவதும் முப்பது இலட்சத்திற்கும் மேல். 2019இல் எங்கள் பகுதியில் பருவம் தொடங்கிய நாள் ஏப்ரல் 13. நம் சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள். காலை எட்டு மணிக்கு வேறோர் ஓடையின் கரையில் தோளோடு தோள் உரச மக்கள் நின்றதைக் கண்டேன். உருண்டைத் தீனி தின்று வளர்ந்த மீன்கள் பலவும் எது விழுந்தாலும் பாய்ந்து எடுத்தன. வாளிகள் விரைவில் நிறைந்தன. எல்லாருக்கும் மகிழ்ச்சி.

ஸ்பிரிங் கிரீக்கிலும் ஒருகாலத்தில் அவ்வாறே மீன் விட்டார்கள். பிறகு கீப்போன், மைரெக்ஸ் என்னும் பூச்சிக்கொல்லி நச்சுகள் ஓடையில் கலந்திருப்பது தெரியவந்தது. அம்மீனை உண்ணக்கூடாது என்றானது. 1982ஆம் ஆண்டு, பிடித்த மீனைக் கொல்லாமல் விட்டுவிட வேண்டும் என்று விதித்தார்கள். பண்ணை மீன் விடுவதும் நின்றது. ஓடையின் கதை முடிந்தது என்று எண்ணியவர்கள் இருந்திருப்பார்கள். நடந்தது வேறு. ஓடையிலேயே பிறந்த பழுப்பு டிரவுட் மீன்கள் பன்மடங்கு பெருகின. இன்று அந்த ஓடை நாடறிந்த இயற்கை டிரவுட் ஓடை.

நம் நாட்டில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் நாம் ஏழு 'ஏ' என்ற ஒன்றையே எண்ணிக்கொண்டிருந்தோம்! தட்டிகளில் படம் போட்டோம். மாதிரித் தாள்களைத் தீனியாகப் போட்டோம். போட்டதை எல்லாம் எடுத்த பிள்ளைகளைக் கெட்டிக்காரர் என்றோம். தேர்வு போய்விட்டது, அச்சம் போகவில்லை. 'தேர்வு இல்லாவிட்டால் பிள்ளை எப்படிப் படிப்பான்?' என்று பெற்றோர் கேட்கிறார்கள். பிரத்தியேக வகுப்புகள் குறையவில்லை. மெதுநிலை மாணவர் என்ற பெயர்ப்பலகையும் இன்னும் கழற்றப்படவில்லை.

தேர்வே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. நீரைத் தூய்மையாக வைத்து, இருப்பதை அழிக்காமல் விட்டால் தானாக வளரும் உயிர்களும் உண்டு என்பதை மட்டும் சொல்கிறேன்.

எழக்கூடிய மறுப்புகள்

'வகுப்பில் முப்பத்தைந்து பேர் இருக்கிறார்கள், பாடத்திட்டம் துரத்துகிறது, பதிவேடுகள் மலையாகக் குவிகின்றன. ஒவ்வொரு கல்லாகப் புரட்டிக்கொண்டிருக்க நேரம் ஏது?' என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நானே முப்பது ஆண்டுகள் கேட்ட கேள்வி. ஆனால் என் நண்பர் ஓடையில் இருந்த எல்லாக் கற்களையும் புரட்டவில்லை. ஒரே ஒரு கல்லைத்தான் புரட்டினார். வாரத்திற்கு ஒரு மாணவன் என்றால் ஓராண்டில் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும்.

'பிள்ளைகள் மீன்களா? தூண்டில் போடுவது ஏமாற்று வேலை அல்லவா?' என்றும் கேட்கலாம். உண்மை. பொய்ப்பூச்சி பொய்தான். பிடித்து விட்டாலும் மீனுக்குத் துன்பமே. என் நண்பர் முள்ளின் எதிர்முனையைக் குறடால் நசுக்கிவிட்டே வீசுவார். மீனின் மேலுள்ள வழவழப்பு கெடாதிருக்கக் கையை நனைத்துக்கொண்டே தொடுவார். அப்படியிருந்தும் எனக்கு உறுத்தல் நீங்கவில்லை. ஆகவே இந்த ஒப்புமையை முழுவதும் நீட்டவேண்டாம். நாம் கொடுப்பது உண்மையான உணவாக இருக்கவேண்டும். கொடுக்கும் முறையை மட்டும் அவரிடம் கற்றுக்கொள்வோம்.

கால் வைக்கும் இடம்

மார்ச் நடுவில் ஒருநாள், மேகம் மூடிய பிற்பகல். நீர் 8 பாகையை எட்டியிருந்தது. சாம்பல் நிறச் சிறு மேஃப்ளைகள் நீரின்மேல் எழத் தொடங்கின. வாரக்கணக்கில் தரையில் கிடந்த மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து மூக்கை நீட்டின. மந்தம் என்று நான் சொன்ன அதே மீன்கள்! அன்றுதான் எனக்கும் ஒன்று கிடைத்தது. ஒரு சாண் நீளம், பொன்னிற வயிறு, பக்கங்களில் சிவப்புப் புள்ளிகள். நனைந்த கையில் சில நொடிகள் இருந்தது. விட்டேன், போய்விட்டது.

கரையேற நான் காலெடுத்து வைத்தபோது நண்பர் என் கையைப் பற்றி நிறுத்தினார். முன்னால் தெளிவான, தூய்மையான கூழாங்கல் திட்டு ஒன்று இருந்தது. நடப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை என்று தோன்றும். "அங்கே வேண்டாம். இலையுதிர்காலத்தில் இட்ட முட்டைகள் அந்தக் கற்களுக்குள் இருக்கின்றன. பொரித்த குஞ்சுகள் இன்னும் வெளியே வரவில்லை. மிதித்தால் போய்விடும்" என்றார். சுற்றிக்கொண்டு நடந்தோம்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, நீண்ட கட்டுரைக்குப்பின் நான் கேட்டுக்கொள்வது மூன்றுதான்.

1. ஒரு பிள்ளையின் பெயருக்கு நேராக 'மந்தம்' என்று எழுதுமுன், அவன் பள்ளிக்கு வெளியே எதைப் படிக்கிறான், எதை எண்ணுகிறான், எதை நினைவில் வைத்திருக்கிறான் என்று அவன் தாயாரிடம் ஒருமுறை கேளுங்கள்.

2. அவன் எடுக்கவில்லை என்றால் குரலை உயர்த்தாதீர்கள். கொடுப்பதை மாற்றுங்கள்; வேகத்தைக் குறையுங்கள்; மீண்டும் கொடுங்கள்.

3. பெற்றோர்களே, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மார்ச்சில் வந்த பருவம் உங்கள் பிள்ளைக்கு மேயில் வரலாம். அதுவரை மிதித்துவிடாதீர்கள்.

அந்தப் பழைய பதிவேடு இன்னும் என்னிடம் உள்ளது. ஊர் திரும்பியதும் அதை எடுத்து, நான் எழுதியிருந்த வரியை அடித்துவிட்டேன். அதனால் அந்தப் பையனுக்கு எந்தப் பயனும் இல்லை என்பதை அறிவேன். இன்று உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனுக்காவது பயன்படட்டும் என்றே இதனை எழுதினேன்.

சிந்திப்போம்.